பர்த்தாவா, பரத்தனா?

வாங்க மாப்பிள்ளை, வாங்க. ஞாயித்துக்கெழமை அதுவுமா, விடிஞ்சும் விடியாம தனியா வந்து நிக்கறீங்க. அம்மிணி வரலீங்களா? பதில் சொல்ல வேண்டாம், மூஞ்சியே சொல்லுது. செருப்பைக் கழட்டி உள்ளாற வையுங்க. இந்தச் சந்துல ஒரு நாய் இருக்குது. புதுச் செருப்பும் புது மாப்பிள்ளையும் அதுக்கு ஒண்ணுதான், கவ்வுனா விடாது.

நான் எந்திரிக்கலைன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. முழங்கால் புடிச்சுக்கிச்சு. முழங்காலுக்குக் கன்னடத்துல 'மண்டி'ன்னு பேரு. வடக்கத்தியானுக்கு மண்டின்னா சந்தை. நமக்கு அது காப்பி டம்ளருக்கு அடியில தங்கற கசடு. நம்ம மைசூரு மண்டி மொஹல்லாவுல மீதி இருக்கற 'மொஹல்லா' அரபுச் சொல்லு, வழியில எறங்கித் தங்கற எடம்னு அதோட வேரு. அம்பது வருசத்துக்கு முன்னால சத்தியமங்கலத்துல மஞ்ச லாரி ஏறி, திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவுலயும் வாந்தி எடுத்துக்கிட்டே வந்து எறங்குனவன் நான். அத்தனை பாஷையும் பேசி வெச்சுக்கிட்ட மாதிரி, சந்தைக்குப் பக்கத்துல, முழங்கால் வலியோட, அடிக்கசடாத் தங்கிட்டேன். மண்டி மொஹல்லாவுக்கு என்னைய விடப் பொருத்தமான ஆள் கெடைக்காது.

சரி, விசயத்தைச் சொல்லுங்க.

என்னது, ராத்திரி சோறு போடறப்ப அம்மிணி உங்களைப் பேரு சொல்லாம 'பர்த்தா'ன்னு கூப்பிட்டாளா? கூப்பிட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளா? பர்த்தான்னா மரியாதைன்னு நெனச்சு ஊருல உங்கம்மாவுக்குப் போன் போட்டு வேற சொல்லிட்டீங்களா? அட சாமி. கொஞ்சம் இருங்க, சிரிச்சு முடிச்சுக்கறேன்.

நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க மாப்பிள்ளை. அவ சொன்னது பர்த்தாவா, பரத்தாவா? 'ர'வுக்கு மேல புள்ளி இருந்துதா, இல்லையா? அந்த ஒத்தப் புள்ளியிலதான் உங்க குடும்பமே நிக்குது. பர்த்தான்னா வடமொழியில தாங்கறவன், காப்பாத்தறவன், அதாவது புருஷன். பரத்தன்னா நல்ல தமிழ்ல ஊர் மேயறவன். தமிழ் எம்.ஏ. படிச்ச புள்ளையக் கட்டிக்கிட்டு, ஒத்தெழுத்தைக் காதுல வாங்காம விட்டா இப்படித்தான் ஆகும்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? நான் படிச்சது அஞ்சாங் கெளாசு. ஆனா சந்தேப்பேட்டை மொளகா மண்டியில முப்பது வருசம் பொட்டலம் மடிச்சவன். எடைக்கு வர்ற பழைய புத்தகத்தை எல்லாம் கிழிக்கறதுக்கு முன்னால ஒருக்காப் படிச்சுட்டுத்தான் கிழிப்பேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924ல தொடங்கிப் பன்னெண்டு வருசமாப் போட்ட பெரிய அகராதி இருக்குதே, அதுல 'ப' எழுத்து இருக்கற தொகுதி ஒருநாள் எடைக்கு வந்துது. அதை மட்டும் கிழிக்க மனசு வரலை. அந்தா, உங்கத்தை அரிசி டப்பாவுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்காளே, அதுதான்.

பரத்தன்ங்கற சொல்லு வள்ளுவரு வெச்ச சொல்லு மாப்பிள்ளை. 132ஆவது அதிகாரம், புலவி நுணுக்கம், முத குறள்ளயே பொண்டாட்டி புருஷனை அப்படித்தான் கூப்பிடறா. அவன் பண்ணுன குத்தம் என்னன்னு பாத்தீங்கன்னா ஒண்ணுமே இல்லை. தெருவுல நடந்து போயிருக்கான், ஊர்ப் பொம்பளைங்க பாத்திருக்காங்க. 'எல்லாரும் கண்ணாலயே பங்கு போட்டுத் தின்ன நெஞ்சு எனக்கு வேண்டாம்'னு இவ மொறைச்சுக்கறா. அதாவது எச்சி எலையாம். பாத்தது அவுங்க, பட்டம் இவனுக்கு. அறம் பொருளெல்லாம் பேசிட்டு வந்த பெரியவரு, கடைசி 30 குறளைப் புருஷன் பொண்டாட்டி சண்டைக்குன்னே ஒதுக்கி வெச்சுப் புத்தகத்தை முடிச்சிருக்காரு. ஊட்டுல வாங்கிக் கட்டாத மனுசன் அப்படி எழுதியிருக்க மாட்டாருங்கறது என்னோட அபிப்பிராயம்.

'பரத்தல்'னா விரியறது, பரவறது. ஒரு எடத்துல அடங்காம ஊரெல்லாம் பரவறவன் பரத்தன். 'பர'ன்னா அடுத்தவங்கன்னு வடமொழியில இருந்து இழுத்துட்டு வர்றவங்களும் உண்டு. எப்படி இழுத்தாலும் வால் ஒண்ணுதான்.

இப்ப நெசத்தைச் சொல்லுங்க. நீங்க எங்க பரவுனீங்க? எங்கயும் போகலை, சரி. ஆனா நான் பாத்துட்டேதான் இருக்கேன். வந்து உக்காந்ததுல இருந்து அந்தப் போனைக் கவுத்து வெச்சிருக்கீங்க. அது எப்பப் புடிச்ச பழக்கம்? அந்தியூர் குருநாதசாமி நோம்பியில மாட்டுச் சந்தை பாத்திருக்கீங்களா? வெலை பேசறவங்க ரெண்டு பேரும் கைமேல துண்டைப் போட்டு மூடிக்குவாங்க. துண்டுக்கு அடியில வெரலைத் தொட்டுத் தொட்டு வெலை நடக்கும். சுத்தி நிக்கறவனுக்கு வெலை தெரியாது. ஆனா பேரம் நடக்குதுங்கறது எட்ட நிக்கற மாட்டுக்குக் கூடத் தெரியும். கவுத்து வெச்ச போனு அந்தத் துண்டு மாதிரி. உள்ளாற நீங்க கரண்டு பில்லே கட்டியிருந்தாலும் சரி, துண்டைப் போட்டுட்டீங்கல்ல?

அம்மிணிய நான் தூக்கி வளத்தவன், தாய்மாமன். உங்களுக்காகத் தூது போவேன்னு நெனச்சு வந்திருக்கீங்க. பழைய பாட்டுல மருதத் திணையில இதேதான் நடக்கும். பரத்தை ஊட்டுக்குப் போன புருஷன் தலையச் சொறிஞ்சுக்கிட்டு வாசல்ல நிப்பான், உள்ள விடறதுக்குப் பாணனைத் தூது அனுப்புவான். இல்லைன்னா வெறலிய அனுப்புவான். அந்தத் தூதுக்கு 'வாயில்'னு பேரு. தோழி கதவைச் சாத்துனா அது 'வாயில் மறுத்தல்'. இலக்கணத்துல எடம் போட்டு வெச்சிருக்கற அளவுக்கு இது பழைய பொழப்பு. நான் பாணனா வர மாட்டேன் மாப்பிள்ளை. எனக்கு யாழும் வாசிக்கத் தெரியாது, முழங்காலும் மடங்காது.

ஒண்ணு கவனிச்சீங்களா? பரத்தைங்கற சொல்லு இன்னைக்கும் எல்லாருக்கும் தெரியும். பரத்தன்னு சொன்னா உங்களுக்கே வெளங்கலை, மரியாதைன்னு நெனச்சு அம்மாவுக்குப் போன் போடறீங்க. பழைய தமிழ்ல ரெண்டு சொல்லும் இருந்துது. நடுவுல எவனோ ஆம்பளை கணக்குப்புள்ளையா வந்து ஒண்ணை அழிச்சுட்டான்.

கணக்குன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது, மண்டிக்காரன் புத்தி. ஒரே சமாச்சாரத்தை ஊரு ரெண்டு பக்கமா எப்படி எழுதுதுன்னு பாருங்க. பொம்பளைன்னா 'போனா'. ஓடிப்போனா, கெட்டுப்போனா, சோரம் போனா. ஆம்பளைன்னா 'வெச்சிருக்கான்'. அவளை வைப்புன்னு சொல்லுவாங்க, வைப்பாட்டின்னு சொல்லுவாங்க, வெச்சிருக்கறவன் மட்டும் அவரு இவருதான். கன்னடத்துக்காரன் 'இட்டுக்கொண்டவளு'ங்கறான், அதே வைப்புதான். வெள்ளைக்காரன் பேச்சை வாங்கிப் படிச்சவங்க 'கீப்'ங்கறாங்க, அதுவும் வைப்புதான். 'சின்ன வீடு'ன்னா இன்னும் சௌகரியம், சொத்துப் பட்டியல்லயே சேந்துக்கும். அந்தப் பேருல 1985ல பாக்கியராஜ் படம் எடுத்தாரு, ஊரே குடும்பத்தோட போய்ப் பாத்துது. 'ஓடிப்போனவ'ன்னு தலைப்பு வெச்சிருந்தா குடும்பத்தோட போயிருப்பாங்களா? அவ பேருல பத்து, இவன் பேருல வரவு. நடந்தது ஒரே யாவாரம். இப்படி ஒரு பேரேட்டை என் முதலாளிகிட்ட நீட்டியிருந்தேன்னா அன்னைக்கே மூட்டை கட்டியிருப்பேன்.

பொம்பளைக்குச் சொல்லு பத்தலைன்னு ஆடறவளையும் விட்டு வெக்கலை. 'கூத்தி'ன்னா கூத்தாடற பொண்ணு, கலைக்காரி. அதைக் 'கூத்தியா' ஆக்கி, மீசைக்காரன் பண்ணுன வேலைக்கு அவ தொழில் பேரை வெச்சாங்க. ராஜராஜன் தஞ்சாவூருப் பெரிய கோயில்ல 400 தளிச்சேரிப் பெண்டுகள் பேரைக் கல்லுலயே வெட்டி வெச்சிருக்கான், எந்த வீடுங்கறதோட. அப்படிப்பட்ட கோயில் அடியாரைக் குறிச்ச சொல்லு இன்னைக்கு எந்த லட்சணத்துல தெருவுல உருளுதுன்னு உங்களுக்கே தெரியும். நான் வாயில எடுக்க மாட்டேன், உங்கத்தை காது இங்கதான் இருக்குது.

சோரம்னதும் பெருசா ஒண்ணும் இல்லீங்க. சோரன்னா வடமொழியில திருடன். நம்ம ஆளும் 'கள்ளப் புருஷன்'ங்கறான், அதுவும் திருட்டுதான். திருட்டுன்னா சொத்துக்காரன் ஒருத்தன் இருக்கோணுமில்ல? அது யாருன்னு 1860ல வெள்ளைக்காரன் தண்டனைச் சட்டத்துலயே எழுதி வெச்சுட்டான். 497ஆவது பிரிவு. அடுத்தவன் பொண்டாட்டியோட, அந்த அடுத்தவன் சம்மதம் இல்லாமச் சேந்தா, சேந்தவனுக்கு 5 வருசம் வரைக்கும் செயிலு. சம்மதம் இருந்தா குத்தமே இல்லை. தோட்டத்துக்காரனைக் கேட்டுட்டு மாங்கா பறிச்சா திருட்டாகாதுங்கற மாதிரி. அவளுக்குத் தண்டனை கெடையாது. மாங்காய யாராச்சும் செயில்ல போடுவாங்களா? சரி, புருஷன் ஊர் மேஞ்சா பொண்டாட்டி கேஸ் குடுக்கலாமான்னா, அந்தப் பிரிவுல அதுக்கு வழியே இல்லை. மாங்கா எங்கயாச்சும் தோட்டக்காரன் மேல பிராது குடுக்குமா மாப்பிள்ளை?

ஜோசப் ஷைன்னு ஒரு கேரளத்துக்காரரு வழக்குப் போட்டாரு. 2018 செப்டம்பர் 27ஆம் தேதி, தீபக் மிஸ்ரா தலைமையில 5 நீதிபதிங்களும் ஒரே முடிவா அந்தப் பிரிவைத் தூக்கிக் கடாசுனாங்க. பொண்டாட்டி புருஷனோட சொத்தில்லைன்னு சொல்லறதுக்கு 158 வருசம் ஆயிருக்குது. மூஞ்சி ஏன் மலருது? செயில் இல்லைன்னு குதிக்காதீங்க, விவாகரத்துக்கு இன்னமும் அது காரணந்தான். செயிலாச்சும் வேளைக்குச் சோறு போடும்.

உங்காபீசுல இங்கிலீசுக்காரன் சொல்லு ஒண்ணு சொல்லிச் சிரிக்கறாங்கன்னு அன்னைக்குக் கேட்டீங்களே, 'குக்கோல்டு'. பொண்டாட்டி வேற எடம் பாத்துக்கிட்டா, ஏமாந்த புருஷனுக்கு அந்தப் பேரு. அது 'கக்கூ' குருவியில இருந்து பழைய பிரெஞ்சு வழியா வந்தது. அந்த ஊரு கக்கூவும் நம்மூருக் குயிலும் ஒரே சாதி, அடுத்த குருவி கூட்டுல முட்டை போட்டுட்டுப் போயிரும். இப்ப நீங்களே ரோசிச்சுப் பாருங்க. முட்டை போட்டது குயிலு. அடைகாத்தது காக்கா. பேரு எவனுக்கு விழுந்துது? காக்காவுக்கு! குயிலோட பேரைக் கொண்டுபோய்க் காக்கா தலையில கட்டிட்டான். திருட்டுக் குடுத்தவனைப் போய்த் 'திருடா'ன்னு கூப்பிடற ஊரு அது.

வடமொழிக்காரன் இதுல கொஞ்சம் நாயஸ்தன். குயிலுக்குப் 'பரப்ருத', அடுத்தவங்களால வளந்தது. காக்காவுக்குப் 'பரப்ருத்', அடுத்தவங்களை வளக்கறது. ரெண்டுக்கும் ஒத்த எழுத்துதான் வித்தியாசம், ஆனா யாரு என்ன பண்ணுனாங்கன்னு கணக்குச் சரியா இருக்குது. காளிதாசன் நாடகத்துல துஷ்யந்தன் இதே குயிலைச் சொல்லித்தான் சகுந்தலை மானத்தை வாங்குவான். புள்ளையக் குடுத்தது இவன், மறந்துபோனது இவன், குயிலுப் பட்டம் அவளுக்கு. அட, முக்கியமானதை விட்டுட்டேனே. உங்க பர்த்தா இருக்குதே, அதுவும் இந்தப் 'ப்ருத்' பொறந்த வேருதான். தாங்கறது, சொமக்கறது. புருஷனும் காக்காவும் வேருல பங்காளிங்க மாப்பிள்ளை. அம்மிணி புள்ளியோடயே கூப்பிட்டிருந்தாலும் ரொம்பத் துள்ளியிருக்க வேண்டாம்.

ஐரோப்பாவுல அந்த ஏமாந்த புருஷனுக்குத் தலையில கொம்பு மொளைக்கும்னு வேற சொல்லுவாங்க. ரெண்டு வெரலைத் தலைக்கு மேல நீட்டிக் கேலி பண்ணுவாங்க. நம்மூருல 'உனக்கென்ன கொம்பா மொளைச்சிருக்குது'ன்னா திமிருன்னு அர்த்தம். அந்தூரு ஆளு ஒருத்தன் இங்க வந்து, நம்ம பெரிய மனுசன் யாரையாச்சும் பாத்து, 'இவருக்குக் கொம்பு இருக்குது'ன்னு நாம சொல்லறதைக் கேட்டான்னா என்ன நெனைப்பான்?

கொம்பைச் சொன்னேன், நம்ம பக்கத்துக் குழப்பத்தைச் சொல்லாம விட்டா எப்படி? உங்கப்பா சிவபக்தரு. மொதப் பேரனுக்கு 'விறன்மிண்டன்'னு பேரு வெக்கோணும்னு கல்யாணத்தன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு. அறுபத்து மூணு நாயன்மாருல ஒருத்தரு, செங்கன்னூர்க்காரரு. அடியாருங்களை மதிக்காமப் போன சுந்தரரையே ஒதுக்கி வெச்ச மானஸ்தரு. இங்க பக்கத்துல நஞ்சன்கூடு கோயில்லயும் அறுபத்து மூவரு செலை இருக்குது, போனாக் கும்பிட்டுட்டு வாங்க. மிண்டன்னா தமிழ்ல பலசாலி. அதே சொல்லு கன்னடத்துல 'மிண்ட'. வாட்டசாட்டமான ஆளுன்னுதான் ஆரம்பிச்சுது. அப்புறம் அந்த வாட்டசாட்டம் எங்க போச்சோ, இன்னைக்கு மிண்டன்னா கள்ளப் புருஷன். கிட்டல் பாதிரியாரு 1894ல போட்ட அகராதியிலயும் அந்த அர்த்தம் இருக்குது, இந்தச் சந்து முக்குல ரெண்டு ஆட்டோ உரசிக்கிட்டாலும் அது காதுல விழும். உங்க புள்ளையப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு ஆஜர் கூப்பிடறப்ப என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. பேரு வையுங்க, வேண்டாங்கலை. வெச்சுட்டுக் கொள்ளேகாலம் தாண்டி இந்தப் பக்கம் கூட்டிட்டு வராதீங்க.

இதுல இன்னொரு வேடிக்கை. கன்னடத்துல புருஷனுக்குக் 'கண்ட'ன்னு பேரு. நம்ம பழைய தமிழ்லயும் கண்டன்னா வீரன். ஆக, கண்டனும் பலசாலி, மிண்டனும் பலசாலி. ரெண்டு தடியனுங்க, ஒருத்தன் வாசல் வழியா வந்தான், ஒருத்தன் கொல்லை வழியா வந்தான், சொல்லுல அவ்வளவுதான் வித்தியாசம். பன்னெண்டாம் நூத்தாண்டுலயே அக்கமகாதேவி இந்த ரெண்டு சொல்லையும் எதுகையாக் கட்டி ஒரு வசனத்துல நிறுத்தியிருக்கா. உள்ளாற ஒருத்தன், வெளிய ஒருத்தன், ரெண்டையும் சமாளிக்க முடியலைன்னு சிவன்கிட்டயே மொறையிடறா. உலகத்தையும் சாமியையும் சொன்னது அது. ஆனா சாமிய எந்தப் பக்கத்து ஆளா வெக்கறதுன்னு அவளுக்கு இருந்த தைரியம் நம்ம மீசைங்களுக்கு வராது.

எதிர் ஊட்டுப் பாய் ஊட்டம்மா சண்டையில கூட நாயமாப் பேசும். 'பேவஃபா'ன்னு உருதுல ஒரு சொல்லு. 'வஃபா'ன்னா விசுவாசம், 'பே'ன்னா அது இல்லாதது. ஆம்பளைக்கும் அதுதான், பொம்பளைக்கும் அதுதான். எவ போனா, எவன் வெச்சிருந்தான்னு கேக்காது. விசுவாசம் இருந்துதா, இல்லையா, அதை மட்டும் கேக்கும். முப்பது வருசமா அந்த வாசலைப் பாத்துக்கிட்டிருக்கேன், பாய் போனைக் கவுத்து வெச்சு நான் பாத்ததில்லை.

நேரமாச்சு, கெளம்புங்க. போற வழியில தேவராஜ மார்க்கெட்டுல மல்லி ரெண்டு மொழம் வாங்கலாமான்னு மனசுல ஓடுதுல்ல? வேண்டாம். அதே அதிகாரத்துல ஒருத்தன் பூவ எடுத்துத் தன் தலையில வெச்சான், 'எவளுக்குக் காட்டறதுக்கு வெச்சீங்க'ன்னு கேட்டா. சரி, உன்னையத்தான் எல்லாரையும் விடப் புடிக்கும்னு ஒருத்தன் சொன்னான். 'எல்லாரையும்னா யார் யாரை'ன்னு கேட்டா. சமாதானம் பண்ணப் போனவனை, 'அவகிட்டயும் இப்படித்தான் கொழையறதா'ன்னு கேட்டா. ஒண்ணும் பேசாமச் சும்மா பாத்தவனை, 'யாரோட ஒப்பிட்டுப் பாக்கறீங்க'ன்னு கேட்டா. எந்தப் பக்கம் திரும்புனாலும் வள்ளுவரு முள்வேலி போட்டு வெச்சிருக்காரு. அதனால நேரா ஊட்டுக்குப் போங்க, சோத்தைப் போட்டுத் தின்னுங்க, போனை மூஞ்சி மேல பாக்க வெச்சுட்டுத் தூங்குங்க. அவ எடுத்துப் பாக்கவே மாட்டா. கரண்டு பில்லுல என்ன இருக்குது பாக்கறதுக்கு?

தும்மல் மட்டும் அடக்கி வையுங்க. அதுலயும் மாட்டுவீங்க. புருஷன் தும்முனான், பொண்டாட்டி பழக்கத்துல வாழ்த்திட்டா. வாழ்த்திட்டு உடனே, 'எவ நெனச்சதால தும்முனீங்க'ன்னு அழுதா. அடுத்த தடவை தும்மலை அடக்குனான், 'அவ நெனைக்கறதை எங்கிட்ட மறைக்கறீங்களா'ன்னு அதுக்கும் அழுதா. நல்லவேளை, அந்தம்மா மொளகா மண்டிக்காரனைக் கட்டலை. நாங்க தும்முன தும்முக்கு மைசூரு ஜில்லாவே எங்களை நெனச்சிருக்கோணும்.

அட, பேசிட்டே இருந்தேன், உங்கத்தை உள்ளாற வரமொளகா வறுக்கறா போல, நெடி ஏறு… அச்சு… அச்சூ!

நூறாயுசுங்களா? நல்லா இருங்க மாப்பிள்ளை.

என்ன சத்தம் உள்ளாற? அடி இவளே, மாப்பிள்ளை இருக்கறப்ப என்ன கேள்வி அது? ஒருத்தியும் இல்லடி, நீதான் மொளகா வறுக்கறே! இல்லை, மறைக்கலை… நான் எங்கடி அடக்குனேன், ரெண்டு தடவை தும்மிட்டேன்… ரெண்டு பேரா? மாப்பிள்ளை, போகாதீங்க, செத்த இருங்க. உங்கத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.